தறிக்கும் அடுப்புக்கும் நடுவே

பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கலக்கும் இடத்தில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் அறுபதுகளில், அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் வெட்டியது. தமிழக மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். கோயிலை ஒட்டி வேதம் பயிலும் மாணவருக்கு விடுதி நடந்தது. 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலை எனும் மருத்துவமனையும் நடந்தது. மருத்துவர் யார், அறுவை செய்பவருக்கு என்ன, எந்தெந்த மருந்து எவ்வளவு இருப்பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. மருத்துவ வரலாற்றாளர்கள் மருந்துப் பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதே கல்லில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நோயாளிக்கு நாளைக்கு எத்தனை நாழி அரிசி, மூலிகையும் விறகும் கொண்டு வருபவருக்கு என்ன, நோயாளியைப் பார்த்துக்கொண்டு மருந்து கொடுக்கும் பெண்கள் இருவருக்கு என்ன, தண்ணீர் வார்ப்பவருக்கு என்ன, நாவிதருக்கு என்ன, மாணவர் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க எவ்வளவு எண்ணெய் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் எடுப்பது, விறகு சேர்ப்பது, நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பது ஆகிய இவையெல்லாம் நாம் இன்று வீட்டு வேலை என்று சொல்பவைதான். திருமுக்கூடலில் ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தார், அளவு இருந்தது, கூலியும் இருந்தது.

சோழர் காலத்தைப் பொற்காலம் என்று பேச இதைச் சொல்லவில்லை. இந்த ஏற்பாடு கோயிலையும் கல்விச்சாலையையும் சார்ந்தவர்களுக்கானது. செலவுக்கு நெல் கொடுத்த ஊர்களின் குடிசைகளில் பிள்ளைப்பேறும் காய்ச்சலும் யார் கையில் நடந்தன என்பதை எந்தக் கல்லும் சொல்லாது. கூலியிலும் ஏற்றத்தாழ்வு அப்பட்டமாக இருக்கிறது. மூலிகை கொணர்ந்த இருவருக்குச் சேர்த்து ஆண்டுக்கு 60 கலம் நெல். நோயாளிகளைக் கவனித்த பெண்கள் இருவருக்குச் சேர்த்து 30 கலம். பாதிக்குப் பாதி. இருந்தாலும் கல்வெட்டு ஒன்றை ஐயமின்றி நிறுவுகிறது: இந்த வேலைகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடியும், அளக்க முடியும், ஆணும் பெண்ணும் செய்ய முடியும். வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் அதே வேலைகள் பிரிக்க முடியாததாகவும், அளக்கக் கூடாததாகவும், ஒருத்தியின் இயல்பாகவும் ஆகிவிடுகின்றன. இந்த மாற்றத்துக்கு வேலையின் தன்மை காரணமில்லை, வேலைக்குக் கணக்கு இல்லாததுதான் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம். நவீன வாழ்க்கை வேலையின் பளுவைக் குறைத்திருக்கிறது, கணக்கைத் தொடவில்லை. அதனால்தான் மிக்ஸியும் பட்டப்படிப்பும் வந்த பிறகும் எதிர்பார்ப்பு அப்படியே நிற்கிறது.

எவ்வளவு நிற்கிறது என்பதற்கு எண்கள் இருக்கின்றன. இந்தியாவின் முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வு 1998-99-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நடந்தது. கூலியில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் வாரத்துக்கு 34 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டார்கள். ஆண்கள் நான்கு மணி நேரம்கூட இல்லை. நாடு தழுவிய ஆய்வு 2019-இல் நடந்தது. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இந்த 97-ஐப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்: அது வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டுமே, அவர்களோ நூற்றுக்கு 26 பேர். எல்லா ஆண்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நாளைக்கு 25 நிமிடம்தான் வருகிறது. 2024-இல் ஆய்வு மறுபடி நடந்தது. பெண்களின் 299 நிமிடம் 289 ஆனது. ஆண்களின் 97 நிமிடம் 88 ஆனது. அதாவது பெண்களுக்குக் குறைந்த பத்து நிமிடத்தை ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை; அவர்களுக்கும் குறைந்திருக்கிறது.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, ஆண் வெளியே போய்ச் சம்பாதிக்கிறான், பெண் வீட்டில் இருக்கிறாள், இது வேலைப் பிரிவினையே தவிர அநீதியல்ல என்பது. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை. சம்பளம் தரும் வேலையில் ஆண்கள் கூடுதல் நேரம் செலவிடுகிறார்கள் என்பதையும் இதே ஆய்வுகள்தான் சொல்கின்றன. ஆனால் வெளியே போவதன் தொலைவும் பயண நேரமும் காரணமென்றால், தொலைவே இல்லாத வீட்டில் வேலை சமமாகப் பிரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தின் பட்டு நெசவு வீடு அதுதான். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது; அடுப்பிலிருந்து தறிக்குச் சில அடிதான். கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ், ஒரே சேலைக்காக, காலையிலிருந்து இரவு வரை உழைக்கிறார்கள். பேருந்து இல்லை, ஷிப்டு இல்லை, மேலதிகாரி இல்லை. தறியில் உட்காருபவர் பெரும்பாலும் ஆண். தார் சுற்றுவது, நூல் இழைப்பது, விடிகாலையில் தெருவில் பாவை நீட்டிச் சரிசெய்யும்போது கூட நிற்பது, அறுந்த இழையைப் பிணைப்பது, கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் எதிர்ப்பக்கத்து நாடாவை வாங்கித் தருவது இவையெல்லாம் பெரும்பாலும் பெண்கள் பக்கம். கோர்வை ஒற்றை ஆளால் ஓடும் வேலையல்ல. காஞ்சிபுரத்துக்குப் பெயர் தேடித் தந்ததே அந்தக் கோர்வைதான். இவ்வளவையும் செய்துகொண்டே சோறு வடிப்பதும் அவள்தான், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவள்தான். அவன் தறியை விட்டு எழுந்தால் சேலை நிற்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவள் தார் சுற்றுவதை விட்டு எழுந்தாலும் ஊடைக்கு நூல் இராது, சேலை நிற்கத்தான் செய்யும். அவள் வேலை இடையிடையே நிறுத்தக்கூடியது என்று வீடு முடிவு செய்துகொண்டிருக்கிறது. நிறுத்தக்கூடியது என்பதால்தான் எல்லாக் குறுக்கீடும் அவளிடமே போகிறது.

நெசவு கடினமான உடல் உழைப்பு, அதனால் ஆணுக்குத் தறியும் பெண்ணுக்கு எளிய வேலையும் என்று அடுத்த காரணம் வரும். அஸ்ஸாமைப் பார்த்தால் இது நிற்காது. நாட்டில் கைத்தறிக் குடும்பங்கள் மிக அதிகமாக உள்ள மாநிலம் அது. அங்கே தறியில் உட்காருகிறவர்கள் பெண்கள். 2019-20-இன் நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சம் பேரில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள் என்று காட்டியதற்கு வடகிழக்கு முக்கியக் காரணம். அங்கே நெசவில் பெரும்பங்கு வீட்டு உடுப்புக்காக நடந்துவந்தது. சமைப்பது போல அதுவும் பெண்ணின் கடமை. சேலைக்கு இவ்வளவு கூலி என்று கணக்குத் தீர்க்கும் காஞ்சிபுரத்திலோ தறி ஆணுடையது. ஆக, கோடு உடல் வலிமையை ஒட்டிப் போகவில்லை, கூலியை ஒட்டிப் போகிறது. சமையலிலும் இதே கதைதான். வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் கோயில் இட்லி வேக வைப்பவர்கள் ஆண்கள். கல்யாணச் சமையலின் தலைமைச் சமையல்காரர் ஆண். ஓட்டல் பரோட்டா மாஸ்டர் ஆண். அடுப்பு ஆணுக்கு ஒத்துவராது என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. கூலியோ மரியாதையோ இல்லாத அடுப்புதான் ஒத்துவருவதில்லை.

இந்தக் கணக்கின்மை வீட்டோடு முடிவதில்லை, அரசின் புள்ளிவிவரத்திலும் ஏறிவிட்டது. தொழிலாளர் ஆய்வுகளில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92, அதோடு விறகு சேர்ப்பது, தைப்பது போன்றவற்றையும் செய்பவருக்கு 93 என்று குறியீடு; இருவரும் உழைப்பாளர் பட்டியலுக்கு வெளியே. குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவருக்கு 21. தார் சுற்றும் பெண் 21-இல் வர வேண்டியவள். கேள்வி கேட்பவர் எப்படிக் கேட்கிறார், பதில் சொல்பவர் கணவரா அவளா என்பதைப் பொறுத்து 92-இலும் விழுந்துவிடுவாள். பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்தது, 2023-24-இல் 41.7 ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்த உயர்வில் பெரும்பகுதி சுயதொழிலிலும், அதற்குள் சம்பளமற்ற உதவியாளர் வகையிலும் வந்தது. தொழிலாளி என்று எண்ணப்படுவதும் கூலி பெறுவதும் இன்னும் வேறுவேறுதான். சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நர்சாபூர் பற்றிய நூல் இதன் உள்விசையைத் தெளிவாகக் காட்டியது. கோதாவரிக் கழிமுகத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் பின்னிய லேஸ் உலகச் சந்தைக்குப் போயிற்று. ஆனால் அவர்கள் வெறும் இல்லத்தரசிகள், பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள் என்றே வியாபாரிகளும் வீட்டாரும் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரால்தான் கூலியை அவ்வளவு தாழ்வாக வைக்க முடிந்தது.

இயந்திரம் விடுவிக்கும் என்ற நம்பிக்கையைச் சுருக்கமாகவே முடிக்கலாம், ஏனெனில் அது சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியது. அம்மியும் ஆட்டுக்கல்லும் தந்த முதுகுவலி பெருமளவு போயிற்று. அதை யாரும் சிறிதாக எண்ணக் கூடாது. ஆனால் மாவரைப்பது யார் பொறுப்பு என்பது மாறவில்லை. அமெரிக்க வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய நூலில், வீட்டுக் கருவிகள் முதலில் குறைத்தது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளை என்று காட்டினார். விறகு பிளப்பது போயிற்று, சமைப்பது போகவில்லை. சுத்தத்துக்கும் வகைவகையான சமையலுக்கும் அளவுகோல் உயர்ந்தது. வாஷிங் மெஷின் வந்த வீட்டில் துணி தினமும் துவைக்கப்படுகிறது.

இனி, சற்றுக் கனமான மறுப்பு. வீட்டு வேலை அன்பால் நடப்பது, அதைக் கணக்கிட்டால் குடும்பம் சந்தையாகிவிடும் என்பார்கள்; பெண்களே பலர் இதைச் சொல்வார்கள், சமையலறையை விட்டுக்கொடுக்க விரும்பாத மாமியார்களும் உண்டு. இதில் இருக்கும் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. தன் கையால் சமைத்துப் போடுவதில் நிறைவு இருக்கிறது. வேறு அதிகாரம் எதுவும் தரப்படாதவளுக்கு அடுப்படியில் கிடைக்கும் அதிகாரம் சிறியதல்ல. ஆனால் அன்பு என்றால் அது இருபாலருக்கும் பொது. அன்பின் அடையாளம் ஒருத்திக்கு 289 நிமிடமாகவும் மற்றவருக்கு 88 நிமிடமாகவும் இருப்பது ஏன் என்பதற்கு இந்த வாதத்தில் விடை கிடையாது. பக்தியும் அன்புதானே. பெருமாளுக்குத் தளிகை செய்பவருக்குப் படி அளந்தார்கள். அதனால் பக்தி விலைபொருளாயிற்று என்று யாரும் சொல்லவில்லை. கணக்கு அன்பைக் கெடுக்கும் என்ற அச்சம் பெண்ணின் அன்பைப் பற்றி மட்டும் எழுவது விசித்திரம்.

கணக்கு வைக்கும் முயற்சி நம் காலத்தில் தொடங்காமல் இல்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. முதலில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பெண்களின் ஊதியமற்ற உழைப்புக்கு அங்கீகாரம் என்று அரசே அதற்குக் காரணம் சொன்னது. உதவி என்று பெயரிடாமல் உரிமை என்றது, என் பார்வையில், அந்தத் தொகையைவிடப் பெரிய செயல். தொகையைப் பார்த்தால் நாளைக்கு 33 ரூபாய். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 294 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 294 என்று வைத்து 289 நிமிட வீட்டு வேலையைக் கணக்கிட்டால் நாளைக்கு 177 ரூபாய் வருகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. பணம் கொடுத்தால் பெண் அடுப்படியிலேயே நிலைத்துவிடுவாள் என்று பெண்ணியர் சிலர் எச்சரிப்பதை நான் பாதி ஏற்கிறேன். தொகை வீட்டுக்குள் வேலையை மறுபங்கீடு செய்யாது. ஆண்களின் நிமிடக் கணக்கை அது நகர்த்த வழியில்லை. ஆனால் தொகை இல்லாதபோதும் அவள் அடுப்படியில்தான் இருந்தாள். நீதிமன்றங்களும் கணக்குப் போடுகின்றன. 2021 ஜனவரியில் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்ற நீதிபதி என்.வி. ரமணா, 2019 ஆய்வின் 299, 97 என்ற எண்களையே மேற்கோள் காட்டி இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்பு உண்டு என்று எழுதினார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், மனைவியின் வீட்டு உழைப்பும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்பே, அதனால் சொத்தில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புகள். ஆனாலும் அவள் விபத்தில் இறந்த பிறகோ குடும்பம் வழக்காக உடைந்த பிறகோதான் சட்டம் இந்தக் கணக்கைத் திறக்கிறது. குடும்பம் ஓடிக்கொண்டிருக்கும் வரை மூடியே வைத்திருக்கிறது.

மூடி வைத்த கணக்கின் விலையைப் பெண்கள் வேறு இடத்தில் கொடுக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில், பல்லாயிரம் இளம்பெண்கள் மின்னணுப் பொருள் பொருத்தும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்த வட்டாரத்துக் கைபேசி ஆலை ஒன்றில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வந்து, மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அவர்களுக்குக் குடும்பப் பொறுப்பு அதிகம் என்பதே சொல்லப்பட்ட காரணம். விடுதியில் இருக்கும் பெண்ணுக்குச் சமைக்க, பெருக்க, தண்ணீர் ஏற்றச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் அவள் முழு நேரத் தொழிலாளி. தாலி ஏறியதும் அந்த வேலையெல்லாம் அவள் தலையில் விழும் என்று ஆலை முன்கூட்டியே கணித்துக்கொள்கிறது. அவளோடு அதே நாளில் திருமணம் ஆகும் ஆண் தொழிலாளியைப் பற்றி அப்படி ஒரு கணிப்பு இல்லை. சட்டமும் இந்தக் கணிப்புக்குத் துணை நிற்கிறது. 2017-இன் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழக அரசு தன் பெண் ஊழியருக்கு 2021-இல் ஓராண்டாக்கியது. தனியார் துறைத் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. நார்வே 1993-இலும் ஸ்வீடன் 1995-இலும் தந்தை எடுக்காவிட்டால் வீணாகும் விடுப்பைக் கொண்டுவந்த பிறகு அங்கே ஆண்கள் விடுப்பெடுப்பது வேகமாகக் கூடியது. மனப்பான்மை மாறிய பிறகு சட்டம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம் சட்டமோ, குழந்தை தாயின் கணக்கு என்று எழுதிவைத்துவிட்டு, முதலாளி அதைப் படித்துப் புரிந்துகொண்டதற்காகக் கோபப்படுகிறது.

வீட்டு வேலையைக் குறைக்க உண்மையில் பயன்பட்டவை எவை என்று பார்த்தால், வேலையை வீட்டிலிருந்து வெளியே எடுத்துக் கூலியோடு பொதுவில் வைத்த ஏற்பாடுகளே முன்னே வருகின்றன: 1956-இலிருந்து மதிய உணவு, 1982-இலிருந்து சத்துணவு, அங்கன்வாடி, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். காலை உணவு பிள்ளைகளின் பசிக்காக வந்தது என்றாலும், விடியற்காலையில் ஒரு சமையலை லட்சக்கணக்கான தாய்களிடமிருந்து எடுத்தும் விட்டது. அதைச் சமைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் கூலி உண்டு; போதுமா என்பது தனிச்சண்டை. பெண் செய்யும் வேலை என்பதாலேயே ஊதியத்துக்குப் பதில் மதிப்பூதியம் என்று சொல்லும் பழக்கம் ஆஷா பணியாளர் வரை தொடர்கிறது. சண்டை போடவாவது அங்கே ஒரு தொகை இருக்கிறது.

நெசவு வீட்டுக்கு இதே வழி பொருந்தும், அதற்குப் பெரிய சட்டம்கூட வேண்டாம். காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சேலைக்குச் சேலை கூலியைக் கணக்கெழுதித் தருகின்றன. இன்று அது வழக்கமாகக் குடும்பத்துக்கு ஒரு பெயரில், ஒரு தொகையாகப் போகிறது. பாவு வேலைக்கு இவ்வளவு, தார் சுற்ற இவ்வளவு, கோர்வைக்குக் கூட நின்றதற்கு இவ்வளவு, நெய்ததற்கு இவ்வளவு என்று அதைப் பிரித்து, செய்தவரின் பெயரில் செய்தவரின் வங்கிக் கணக்கில் போடலாம். ஒரே வீட்டுப் பணத்தை இரண்டாகப் பிரித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். நெசவாளர் அடையாள அட்டை, காப்பீடு, சேமிப்பு, முதியோர் ஓய்வூதியம் எல்லாம் பெயரைத் தொடர்ந்தே வருகின்றன. பெயர் இல்லாதவள் அறுபது வயதில் கணவரின் விதவையாக மட்டுமே சங்கத்தின் முன் போய் நிற்க முடியும். பிரித்து எழுதினால் இன்னொன்றும் நடக்கும். அவள் தாரை வைத்துவிட்டுச் சோறு வடிக்க எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு எவ்வளவு கூலி நின்றுபோகிறது என்பது முதல் முறையாக ரூபாயில் தெரியும். அப்போது யார் எழுந்திருப்பது என்ற கேள்வியை அந்த வீடு பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.